பிறை காணாத வீடு

றமழான் பிறை ஊருக்கெல்லாம் தெரிந்து ஐந்து நாளாகியும் ஆசியா உம்மாவின் வீட்டுக்கு மட்டும் தெரியவில்லை. பிறையை மறைக்க வானத்தில் மேகம் வேண்டும். காத்தான்குடியில், ஆற்றங்கரைப் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையில், அதற்கு ஒரு மகளும் மருமகனும் போதுமாக இருந்தார்கள்.

காலையில் எழும்பியதும் ஆசியா உம்மா கேட்பாள். "நோன்பு எப்ப மகள்?"

"நாளைக்கு உம்மா. பிறை காணல்ல," என்பாள் பஹீமா, உம்மாவின் முகத்தைப் பார்க்காமல், ரொட்டியைப் புரட்டிக்கொண்டே.

"ராவு பள்ளியில நோன்புத் தறாவீஹ் தொழுவிச்ச சத்தம் கேட்டிச்சே?"

"அது மத்த ஜமாஅத்துக்காரங்க உம்மா. அவங்க வெளிநாட்டுப் பிறைக்குப் பிடிக்காங்க. நம்மட பள்ளிக்கு நாளைக்குத்தான்."

நம்பக்கூடிய பொய்தான். ஒரு தெருவில் பெருநாளும் அடுத்த தெருவில் நோன்புமாக ஊர் இரண்டுபட்டுக் கிடந்த வருடங்கள் ஆசியா உம்மாவுக்கு நன்றாக நினைவிருந்தன. பழையது எதுவும் அவளை விட்டுப் போகவில்லை. வந்து வந்து போவதெல்லாம் நேற்றும் இன்று காலையும்தான். அதனால் ஒரே பொய்யை ஐந்து நாளும் சொல்ல முடிந்தது. புதிதாக ஒன்றைக் கட்டக்கூட அந்தப் பிள்ளைகள் மினக்கெடவில்லை.

ஆசியா உம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. பஹீமா கைக்குழந்தையாக இருக்கும்போது புருஷன் லொறி விபத்தில் மௌத்தாகிவிட்டார். அன்றிலிருந்து இருபத்தேழு வருடம் இடியப்பம் அவித்து, விடிவதற்கு முன்னால் தட்டுத் தட்டாக ஊர் ஹோட்டல்களுக்கு அனுப்பியவள். அந்த வருமானத்தில் கட்டிய வீடுதான் இது. மகளுக்குக் கல்யாணம் பேசியபோது ஊர் வழக்கப்படி வீட்டை மகளின் பேரில் எழுதிவிட்டு, பின்பக்கத்து அறைக்கு மாறிக்கொண்டாள். முன் அறையும் வாசலும் மருமகன் றம்ஸீனுக்கு. அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கொடுத்தது அவள். தெரிந்து, தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

மறதி வந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால். மாவுக்கு உப்புப் போட்டேனா என்பதில் தொடங்கியது. பிறகு ஒரு நாள் ஒரே ஹோட்டலுக்கு இரண்டு தடவை இடியப்பம் போனது, இன்னொரு ஹோட்டலுக்குப் போகவே இல்லை. மட்டக்களப்பு டவுனில் ஒரு டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்து, வருத்தத்தின் பெயரைச் சொன்னார், ஆரம்பக் கட்டம் என்றார். அதையும் அவளிடம் சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளைத் தாண்டி, பின்னால் நின்ற பஹீமாவைப் பார்த்துச் சொன்னார். தலை என்னுடையது, பேச்சு மட்டும் அவளோடா என்று ஆசியா உம்மா அன்றைக்கே கொதித்தாள். டாக்டரின் பெயர் மறந்துவிட்டது. அந்தக் கொதிப்பு மறக்கவில்லை.

மறதியோடு எப்படிக் காலம் கழிப்பது என்று யாரும் சொல்லித் தராததால் அவள் தானாகவே வழி பார்த்துக்கொண்டாள். முக்காட்டின் இடது ஓரத்தில் ஐந்து சட்டைப்பின் குத்தியிருப்பாள். ஒரு வக்துத் தொழுகை முடிந்தால் ஒரு பின்னைக் கழற்றி வலது ஓரத்தில் குத்துவாள். நடுப்பகல் லுஹர் தொழுதேனா இல்லையா என்ற குழப்பம் வந்தால் முக்காட்டைத் தடவிப் பார்த்தால் போதும். குளிசைகளுக்கு, கிழமையின் ஏழு நாளுக்கும் ஏழு சின்னப் போத்தல். அடுப்பை மட்டும் மகளிடம் விட்டுவிட்டாள். அதுவும் யாரும் சொல்லி அல்ல, தானே பயந்து விட்டது. இவ்வளவு கருத்தாக இருந்தவளிடமிருந்துதான் நோன்பை ஒளித்து வைத்தார்கள்.

எல்லாம் போன வருட றமழானில் வந்த வினை. ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு, நோன்பு திறப்பதற்காக றம்ஸீனின் வீட்டார் ஏறாவூரிலிருந்து வந்திருந்தார்கள். ஆசியா உம்மா சம்மந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே, தட்டில் அடுக்கியிருந்த சமோசாவில் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்று விழுங்கி, இரண்டாவதையும் எடுத்தாள். பேச்சு நின்றுவிட்டது. "உம்மா! நோன்பு!" என்று பஹீமா பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டாள். சமோசா சம்மந்தியின் மடியில் போய் விழுந்தது.

ஆசியா உம்மா எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மறதியாத் திண்டா நோன்பு முறியா. அது அல்லா தந்த சாப்பாடு. உங்களுக்கெல்லாம் அந்தி மஃரிபுக்குத் தாறான், எனக்கு இப்பயே தந்திட்டான்."

மார்க்கம் சொல்வதும் அதைத்தான். மதறஸாவுக்குப் போகும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். சம்மந்தி வாய்விட்டுச் சிரித்தாள். றம்ஸீன் சிரிக்கவில்லை, அவனுக்கு முகம் கறுத்துப் போனது. மறதி வந்தது மாமிக்கு, வெட்கம் வந்தது மருமகனுக்கு. இரண்டில் எது பெரிய வருத்தம் என்று டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இந்த வருடம் அவன் முந்திக்கொண்டான். தீராத நோயாளிக்கு நோன்பு கடமையில்லை, பித்யா கொடுத்தால் போதும் என்று பஹீமாவிடம் சொன்னான். நோன்பு பிடிக்கவே முடியாத நோயாளியின் பேரில், நாளுக்கு இவ்வளவு என்று ஏழைக்கு அரிசி கொடுப்பதுதான் பித்யா. பஹீமாவுக்கு அப்போது ஏழு மாதம். வயிற்றுப் பிள்ளைக்காக அவளும் இந்த வருடம் நோன்பு பிடிக்கவில்லை. பகல் முழுக்க உம்மாவின் பின்னால் திரிய உடம்பில் தெம்பும் இல்லை. சரி என்றாள். உம்மாவிடம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டா, சொல்லாமலே விடுவோம் என்றும் முடிவெடுத்தார்கள். அவர்கள் முடிவெடுத்த நேரம் ஆசியா உம்மா பின் அறையில் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். கூப்பிட்டிருந்தால் எழும்பி வந்திருப்பாள்.

ஐந்தாம் நோன்பன்று காலை பத்து மணி இருக்கும். பஹீமா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாள். ஆசியா உம்மா முன் அறையில் இருந்து தேங்காய்ப்பூ ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அப்போது றிஸானா வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஆற்றோரத் தகரக் கொட்டிலில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள், ஒரு காலத்தில் ஆசியா உம்மாவை ராத்தா என்று அக்கா முறையில் அழைத்து, மாவு அரித்துக் கொடுத்தவள். கையில் ஒரு கட்டுக் கீரை வைத்திருந்தாள்.

"வா கா, இரி. பிளேன்டீ ஊத்தட்டா?"

"நோன்பு ராத்தா."

"இண்டைக்கா?" ஆசியா உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "நீ எப்ப கா மத்தக் கட்சிக்கு மாறின? நமக்கு நாளைக்குத்தானே."

றிஸானா அவளுடைய முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். கீரைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ராத்தா, இண்டைக்கு அஞ்சாம் நோன்பு. இந்த முறை கட்சி ஒண்டுமில்ல. ஊரெல்லாம் ஒரே பிறை."

"அஞ்சாம் நோன்பா?"

"ஓம். உங்கட பித்யா அரிசியும் நேத்துக் கிடைச்சிச்சு. உங்கட மருமகன்தான் கொண்டு வந்து தந்தாரு, முப்பது நாளைக்கும் சேத்து. படுவான்கரைப் புது அரிசி, நல்ல அரிசி. நீங்க கடும் சுகமில்லாமப் படுத்துக் கிடக்கிறண்டு சொன்னாரு. அதான் ஒரு எட்டுப் பாத்துப்போட்டு, உங்கட சுகத்துக்குத் துஆச் செஞ்சிட்டுப் போவமெண்டு வந்தன்..."

ஆசியா உம்மாவின் வாயில் ஒரு துண்டு ரொட்டி இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கடைசியில் உள்ளங்கையில் துப்பினாள். பன்னிரண்டு வயதில் தொடங்கிய நோன்பு. மாதவிலக்கில் விட்டதையும் பிள்ளைப்பேற்றில் விட்டதையும் ஒன்று விடாமல் திருப்பிப் பிடித்தவள். புருஷன் மௌத்தான வருடமும், அடுப்புச் சூட்டில் தொண்டை வறள வறள, அடுத்தவர்கள் நோன்பு திறக்க இடியப்பம் பிழிந்தவள். அவளுக்கு ஐந்து நாளும் பகலில் ரொட்டி கொடுத்திருக்கிறார்கள். அவளும் தின்றிருக்கிறாள். எத்தனை ரொட்டி என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. அது வராததுதான் அவளுக்கு அடக்க முடியாத ஆத்திரத்தைக் கொடுத்தது.

பஹீமா ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மகள், பிறை கண்டு எத்தின நாள்?"

பஹீமா றிஸானாவைப் பார்த்தாள். விளங்கிவிட்டது.

"உம்மா, உங்கட சுகத்துக்குத்தான்..."

"எத்தின நாளெண்டு கேட்டன்."

"அஞ்சு."

"அஞ்சு நாளும் எனக்குத் தின்னத் தந்திரிக்காய். பக்கத்தில இருந்து பாத்திரிக்காய்."

"டாக்டர் பயமெண்டு சொன்னாரு உம்மா. நீங்க எங்கயாச்சும் தலை சுத்தி விழுந்தா..."

"உனக்கும்தானே இந்த வருசம் நோன்பில்ல. பிள்ளை பெத்த பொறகு உனக்குக் கழா இரிக்கா, இல்லயா?"

"இரிக்கு."

"உனக்குக் கழா. விட்டத நீ பொறகு பிடிச்சிக் குடுப்பாய். அல்லாட கணக்கில உன்ட பேர் இரிக்கு. எனக்கு மட்டும் அரிசி. அரிசிய அளந்து குடுத்திட்டு என்ட பேர வெட்டிட்டீங்க. நான் மௌத்தாப் போயிட்டனா கா?"

"அப்பிடிச் சொல்லாதங்க உம்மா."

"வீட்டத் தந்தன். அது நான் தந்தது. நோன்ப நான் ஆருக்கும் எழுதித் தரல்ல!"

அவள் எழும்பி முக்காட்டை இழுத்துப் போட்டாள். ஊருக்கு மார்க்கச் சட்டம் சொல்லும் அம்ஜத் மௌலவியின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. இப்போதே போக வேண்டும். நாளைக்கென்று வைத்தால் நாளைக்கு இந்தக் கோபம் இருக்காது. நாளைக்கு என்ன, அந்த வாசலை மிதிக்கும்வரை இருக்குமோ என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது. மனிதர்கள் கோபத்தை அடக்கும் சக்தியைத் தா என்று அல்லாவிடம் கேட்பார்கள். ஆசியா உம்மா, யா அல்லா, மௌலவி வீடு மட்டும் இந்தக் கோபத்தை என்னிடமிருந்து எடுத்துவிடாதே என்று கேட்டாள். கடித்து மிச்சமிருந்த ரொட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறந்தால் இது சொல்லும்.

"றிஸானா, நீயும் வா. நான் வழியில மறந்தா ஞாபகப்படுத்து."

றமழான் பகலில், காத்தான்குடி ஒழுங்கையில், பாதி கடித்த ரொட்டியோடு ஒரு பெண் நடந்து போவதை யாரும் கண்டதில்லை. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். கேற்றுகளுக்குப் பின்னால் பெண்கள் வாயைப் பொத்தினார்கள்.

"பாருங்க, நல்லாப் பாருங்க!" என்று ஆசியா உம்மா ரொட்டியைத் தூக்கிக் காட்டினாள். "அஞ்சாம் நோன்புக்கு என்ட ஊட்டுல எனக்குத் தந்த சாப்பாடு இது!"

பின்னால் பஹீமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, போனில் புருஷனிடம் அழுதுகொண்டே, மூச்சு வாங்க வந்தாள்.

முதல் ஒழுங்கை முடியும் முடக்கில் வெயில் கண்ணைக் குத்தியது. ஆசியா உம்மாவின் நடை மெதுவானது, பிறகு நின்றது. கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். யாருக்கோ கொண்டு போகிறாள் போலிருக்கிறது. யாருக்கு? பாதி கடித்ததை யாருக்குக் கொடுப்பது? பசிக்கவும் செய்தது. ரொட்டி வாய்ப் பக்கம் போனது.

"ராத்தா," என்றாள் றிஸானா மெதுவாக. "நீங்க கோவமா வந்தீங்க."

"நானா? ஆரோட?"

"வீட்டாக்களோட. பிறைய மறைச்சிட்டாங்க. நோன்பெண்டு உங்களுக்குச் சொல்லல்ல."

ஆசியா உம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் தடவை கேட்பது போலத்தான் இருந்தது. ஆனால் நெஞ்சு ஏற்கெனவே படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, ரொட்டி விரல்களுக்குள் கசங்கியிருந்தது. அவை இரண்டும் றிஸானா சொல்வது உண்மைதான் என்று சாட்சி சொன்னதால் அவள் நம்பினாள். இப்போது கோபத்தோடு, அந்தக் கோபத்தையே தொலைக்கப் பார்த்ததற்கான கோபமும் சேர்ந்துகொண்டது. மீதித் தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

அம்ஜத் மௌலவி விறாந்தையில் இருந்து ஓதிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்காரர். குர்ஆன் மதறஸாவில் ஓதிய காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஆசியா உம்மாவின் இடியப்பம் தின்று வளர்ந்தவர். வந்த கூட்டத்தைக் கண்டு எழும்பி, பஹீமாவைப் பார்த்துக் கேட்டார். "உம்மாவுக்கு என்ன செய்யிது?"

"மௌலவி, நான் இஞ்ச நிக்கன்," என்றாள் ஆசியா உம்மா. "என்னப் பாத்துக் கேளுங்க. வாய் எனக்கும் இரிக்கு."

அவர் முகம் சிவந்து, அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார். அவள் சொல்லத் தொடங்கினாள். நடுவில் இரண்டு இடத்தில் நூல் அறுந்தது, இரண்டு இடத்திலும் றிஸானா எடுத்துக் கொடுத்தாள். சொல்லி முடியும் நேரம் றம்ஸீன் கடையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

"மௌலவி, நான் உங்களிட்டக் கேட்டுத்தானே செஞ்சன்," என்றான் வந்ததும் வராததுமாக.

"தீராத நோயாளிக்கு பித்யா குடுக்கலாமா எண்டு போன்ல கேட்டீங்க. ஓமெண்டன். ஆரு, என்ன வருத்தமெண்டு நீங்களும் சொல்லல்ல. நானும் கேக்கல்ல, அது என்ட பிழை."

"மருமகன்," என்றாள் ஆசியா உம்மா. எவ்வளவு கோபத்திலும் மருமகனுக்கு உள்ள மரியாதையை அவள் விடவில்லை. "நான் ஒண்டு கேக்கன். புத்தி பேதலிச்ச ஒருத்திக்கு நோன்பு கடமையா?"

"இல்ல மாமி."

"பித்யா?"

றம்ஸீன் மௌலவியைப் பார்த்தான்.

"புத்தி இல்லாதவங்களுக்கு ஒண்டுமே இல்ல," என்றார் மௌலவி. "நோன்பும் இல்ல, பித்யாவும் இல்ல."

"அப்ப நீங்க பித்யா குடுத்தீங்கண்டா எனக்குப் புத்தி இரிக்கெண்டுதானே குடுத்தீங்க? புத்தி உள்ள ஒருத்திட நோன்ப, அவளிட்ட ஒரு வார்த்த கேக்காம என்னெண்டு குடுத்தீங்க?"

மதிலுக்கு வெளியே நின்ற யாரோ சிரித்தார்கள். ஆசியா உம்மாவுக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை. இது சிரிக்கிற விஷயமா?

"மாமி, போன வருசம் அவ்வளவு பேருக்கு முன்னால..." என்றான் றம்ஸீன், தாழ்ந்த குரலில்.

"மறதியாத் திண்டன். அத அல்லா மன்னிச்சிட்டான். நீங்க மன்னிக்கல்ல."

மௌலவி இந்த முறை ஆசியா உம்மாவிடமே கேட்டார். "டாக்டர் நோன்பப் பத்தி உங்களுக்கு என்ன சொன்னாரு?"

"எனக்கு எங்க சொன்னாரு? இவளுக்குத்தான் சொன்னாரு. இவள் எனக்குச் சொல்லல்ல."

எல்லாரும் பஹீமாவைப் பார்த்தார்கள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் வந்தது. பொய்யை ஐந்து நாள் சொன்ன வாய்க்கு உண்மை வரச் சற்று நேரமெடுத்தது.

"குளிசைய விடியமுதல் சஹருக்கும் நோன்பு திறக்கவும் மாத்திக் குடுக்கலாம் எண்டாரு. பிடிக்கலாமாம். ஆனா பகலைக்கு ஆராச்சும் பக்கத்தில இருந்து பாத்துக்கொள்ளணுமாம். தலை சுத்தினா உடனே விட்டிரணுமாம்."

இவ்வளவுதான் சங்கதி. நோன்பு ஆபத்தில்லை, பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். பக்கத்தில் இருப்பதைவிட அரிசி மூட்டையைத் தூக்கிக் கொடுப்பது அவர்களுக்கு இலேசாக இருந்திருக்கிறது. பிள்ளைத்தாச்சியான மகளால் முடியாது என்றால், முடியாது உம்மா, உதவிக்கு ஓர் ஆள் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். ஒழுங்கை நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். அது சொல்லத் தெரியாத நாக்கு, பிறை காணவில்லை என்று மட்டும் சொல்லத் தெரிந்து வைத்திருந்தது.

"நான் வந்து இருக்கன்," என்றாள் றிஸானா. "லுஹருக்குப் பொறகு எனக்கு வேல இல்ல. ஆனா ராத்தா, அந்த அரிசி... பிள்ளையளுக்கு நேத்து ராவு ஆக்கிட்டன்."

"அரிசி உனக்குத்தான் கா. அது என்ட நோன்புக்கு விலையில்ல. என்ட மருமகன் நல்ல மனசில தந்த சதகா. அப்பிடித்தானே மருமகன்?"

"ஓம் மாமி," என்றான் றம்ஸீன். தலையைக் குனிந்தபடியே, "நான் செஞ்சது பிழைதான்," என்றும் சொன்னான்.

"பிழைதான்," என்றாள் ஆசியா உம்மா. அதற்கு மேல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

மௌலவி தீர்ப்பைச் சொன்னார். இந்த நேரத்திலிருந்து மஃரிப் வரை வாயில் எதுவும் படாமல் இருக்க வேண்டும். நோன்பென்று எண்ணம் வைக்காமலே தின்ற நாள் மறதியில் சேராது; இன்றையதையும் சேர்த்து ஐந்து நோன்பு கழா, பெருநாளைக்குப் பிறகு பிடித்துக் கொடுக்க வேண்டும். தலை சுற்றினால் அடம்பிடிக்காமல் விட்டுவிட வேண்டும்.

"அஞ்சு கழா," என்று ஆசியா உம்மா சொல்லிப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கழா உள்ளவள் ஆள் கணக்கில் இருப்பவள். ரொட்டியைப் படியோரமாக நின்ற காகத்துக்குப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சொன்னபடி றிஸானா அன்றைக்கே லுஹருக்குப் பிறகு வந்து, பின் அறையில் அவளோடு இருந்துவிட்டு, அசர் பாங்கு சொன்னதும் தன் பிள்ளைகளைப் பார்க்கப் போனாள்.

ஆசியா உம்மா அசர் தொழுதாள். மூன்றாவது பின்னை வலது ஓரத்தில் குத்தினாள். குசினிப் பக்கம் வந்தபோது தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணத்தது. பஹீமா பெரிய சட்டியில் கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள். றம்ஸீன் வழமைக்கு மாறாக வேளைக்கே வந்து, மேசையில் கிண்ணங்களை வைத்துக்கொண்டிருந்தான்.

"கஞ்சியா?" ஆசியா உம்மாவின் முகம் மலர்ந்தது. "பிறை கண்டாச்சா மகள்? நோன்பு எப்ப?"

அகப்பை நின்றது.

ஆசியா உம்மா மகளைப் பார்த்தாள். மகள் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஆசியா உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தன்னை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் பார்வை அது. மறதி எதையெல்லாமோ எடுத்தது, அதைக் கண்டுபிடிக்கும் கண்ணை எடுக்கவில்லை. நெஞ்சுக்குள் காலையிலிருந்தே ஒரு சூடு கிடந்தது. யாரோடு, எதற்கு என்றுதான் தெரியவில்லை. இப்போது மகள், நாளைக்கு உம்மா என்று சொன்னால் ஆசியா உம்மா நம்பிவிடுவாள். நம்புவதைத் தவிர அவளிடம் வேறு என்ன இருக்கிறது? அது அந்தக் குசினியில் நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

"என்ன கா முழிக்காய்? கேட்டத்துக்குச் சொல்லு."

றம்ஸீன் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கதவுப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். பிறகு அங்கேயே நின்றுகொண்டான். பஹீமா அகப்பையைச் சட்டியின் விளிம்பில் சாத்திவிட்டு, உம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கண்டாச்சு உம்மா. இண்டைக்கு அஞ்சாம் நோன்பு. அஞ்சு நாளும் பிறை காணல்லெண்டு நான் உங்களுக்குப் பொய் சொன்னன். உங்களிட்டக் கேக்காம உங்கட பேரில பித்யாவும் குடுத்தம். காலைல நீங்க மௌலவியிட்டப் போய் எங்கள வென்டிட்டு வந்தீங்க. உங்களுக்கு அஞ்சு கழா இரிக்கு."

ஆசியா உம்மாவின் கோபம் அன்றைக்கு மூன்றாவது தடவையாக எழும்பியது. பழையது அல்ல, புத்தம் புதிது. எனக்குத் தின்னத் தந்து பக்கத்தில் இருந்து பார்த்தாயா என்று கேட்டாள். நான் மௌத்தாகிவிட்டேனா என்று கேட்டாள். வீட்டைத் தந்தேன், நோன்பை யாருக்கும் எழுதித் தரவில்லை என்று, காலையில் சொன்ன அதே சொல்லை, இப்போதுதான் நெஞ்சில் பிறந்தது போலச் சொன்னாள். பஹீமா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. றம்ஸீனும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கஞ்சி அடிப்பிடித்து மணக்கத் தொடங்கியது, யாரும் போய் இறக்கவில்லை.

ஏசி முடித்து அவள் கதிரையில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"சஹருக்கு எழுப்புவியா?"

"எழுப்புவன் உம்மா."

"நாளைக்கும் நான் கேட்டா?"

"நாளைக்கும் சொல்லுவன்."

"முழுக்கச் சொல்லணும். பொய் சொன்னதையும் சேத்து."

"ஓம்."

"நாளைக்கும் ஏசுவன்."

"ஏசுங்க உம்மா."

ஆசியா உம்மா முக்காட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். வலது பக்கம் மூன்று பின், இடது பக்கம் இரண்டு. அது சரியாகத்தான் இருந்தது. அவள் நிமிர்ந்து, விரலை நீட்டி, மகளை எச்சரித்தாள்.

"மறந்திராத."